தாய் ஏடு

மாத்தளை நகரைக் கடந்து தம்புள்ளைப் பெருஞ்சாலையில் வடக்கு நோக்கிச் சிறிது தூரம் சென்றால், யானைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து உறங்குவதுபோலப் பாறைகள் குவிந்து கிடக்கும் அலுவிகாரை கண்ணுக்குத் தென்படும். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், பஞ்சமும் போரும் நாட்டை அலைக்கழிக்க, திரிபிடகத்தை நெஞ்சிலே சுமந்திருந்த பிக்குகள் ஒருவர்பின் ஒருவராக மடிந்துவந்தபோது, செவிவழியாக மட்டுமே பல தலைமுறைகள் காத்துவந்த அந்தச் செல்வம் தங்களோடு மறைந்துவிடுமோ என்று அஞ்சிய சங்கத்தார், இந்தக் குகைகளிலே கூடியிருந்து அதனை முதன்முதலாக ஏட்டில் எழுதிவைத்தார்கள் என்பது இலங்கை நாட்டு மரபு. பெற்றுக்கொண்டதைச் சிதையாமல் வருங்காலத்தார் கையில் சேர்ப்பிக்கவேண்டும் என்ற கவலையே அவர்களை எழுத்தாணி பிடிக்கவைத்தது. மனித உடம்பு எந்த எழுத்தால் எழுதப்பட்டிருக்கிறதோ அந்த எழுத்தையே திருத்தும் கருவி நம் காலத்து விஞ்ஞானிகளின் கைக்கு வந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம், எனக்கு இந்தக் குகைகளின் ஞாபகமே முந்திக்கொண்டு வருகிறது.

சென்ற மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் பஞ்சரத பவனி பார்க்க வந்திருந்த என் பேத்தியை, தேரோட்டம் முடிந்த மறுநாள் அலுவிகாரைக்கு அழைத்துச் சென்றேன். வருவோருக்கு ஏடெழுதிக் காட்டும் முதியவர் ஒருவர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பேர் என்ன மகள்?" என்று தமக்குத் தெரிந்த தமிழில் விசாரித்துக்கொண்டார். பதப்படுத்திய தாளிப்பனை ஓலையின் நறுக்கு ஒன்றை இடக்கையில் ஏந்தி, எழுத்தாணியை அதிகம் அசைக்காமல் ஓலையையே மெல்ல நகர்த்தி, அவள் பெயரைச் சிங்கள எழுத்தில் கீறி நீட்டினார். குழந்தை அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, ஒன்னுமே தெரியலியே!" என்று முகம் வாடினாள். முதியவர் சிரித்துக்கொண்டே ஓலையை வாங்கி, கரித்தூளும் எண்ணெயும் குழைத்த மையை விரலால் அதன்மேல் தேய்த்து, துணியால் துடைத்தெடுத்தார். மேற்பரப்பு வெளுக்க, கீறல்களில் மட்டும் கருமை தங்கி, பெயர் துலக்கமாக எழுந்து நின்றது. கீறியபோதே அது அங்கே இருந்தது. மை படும்வரை காண வழியில்லை. ஒருமுறை கீறியபின் அழிக்கவும் வழியில்லை. எழுத்தாணி பிழைத்தால் அந்த நறுக்கையே ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுக்கவேண்டியதுதான் என்று அவர் சொன்னார்.

எங்கள் பாடநூல்கள் பரம்பரையலகு என்றும் தமிழகத்தார் மரபணு என்றும் வழங்கும் பொருளும் இத்தகைய எழுத்துத்தான். நான்கே எழுத்துக்களால், ஏறத்தாழ 300 கோடி எழுத்துநீளத்தில், ஒவ்வொரு மனிதனின் உட்கரு உள்ள ஒவ்வோர் உயிரணுவிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. அதனைப் படித்து முடித்துவிட்டதாக 2003ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, இம்மானுவேல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டௌட்னா என்னும் இரு பெண்மணிகள், பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரஸை வெட்டி எறியும் உபாயத்தைக் கொண்டே, வேண்டிய இடத்தில் அந்த எழுத்தை வெட்டும் வழியைக் கண்டு வெளியிட்டார்கள். கிரிஸ்பர் என்னும் பெயர் பெற்ற அந்த எழுத்தாணிக்காக 2020இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. படிக்கமட்டும் தெரிந்திருந்தவன் திருத்தவும் கற்றுக்கொண்டான். எதைத் திருத்தலாம், யாருக்காகத் திருத்தலாம் என்ற கேள்வி அந்தக் கணத்திலேயே பிறந்துவிட்டது.

இது எங்கோ கடல்கடந்த நாடுகளின் பிரச்சினை என்று எண்ணுவோர், அதிகாலையில் கலேவெலையிலிருந்து குருநாகலுக்குப் போகும் பஸ்ஸில் ஒருநாள் பிரயாணம் செய்து பார்க்கவேண்டும். தலசீமியா என்னும் குருதிச்சோகை நோய்க்காக இந்நாட்டில் அமைந்த பெரிய சிகிச்சை நிலையம் குருநாகலில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு தாயும் மகனும் அமர்ந்திருந்தார்கள். பத்து வயது மதிக்கத்தக்க உருவம். மேலுதட்டில் மட்டும் மீசை அரும்பியிருந்தது. எந்த வகுப்பு என்று கேட்டேன்; பத்தாம் வகுப்பு என்றான். "மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் ஏத்தணும் ஐயா. ஏத்துன மறுநாள் ஓடுவான், பாடுவான். மூணாம் கிழமை வந்துட்டா நாலு படி ஏறமாட்டான்" என்றார் தாய். ஏற்றிய குருதியோடு சேர்ந்துவரும் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படிந்துவிடாதிருக்க, வயிற்றுத் தோலின்கீழ் ஊசியைச் செருகி, சிறியதொரு பம்பின் வழியாக இரவெல்லாம் அவனுக்கு மருந்து செலுத்தவேண்டியிருந்தது. வாரத்தில் ஐந்தாறு இரவுகள் அப்படி. பெரியவனானதும் என்ன செய்ய ஆசை என்று நான் கேட்டதற்கு அந்தப் பையன் சற்று யோசித்துவிட்டு, "ஊசி இல்லாம குப்புறப் படுத்துத் தூங்கணும்" என்றான். உத்தியோகத்தையோ உயரத்தையோ அவன் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு விடையைச் சுற்றியே வருகிறது என்று சொன்னாலும் பிழையில்லை.

ஓர் எழுத்துப் பிழைத்ததன் விளைவுதான் இத்தனையும். தாய், தந்தை இருவரிடத்தும் அந்தப் பிழை மறைந்திருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்க்க இடமுண்டு. பிழையை ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற பிள்ளைக்கோ சொல்லத்தக்க துன்பம் எதுவுமில்லை. மை தேய்க்காத ஓலைபோல, எழுதியிருப்பது தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடலாம். இத்தனை துயரம் விளைக்கும் பிழையை இயற்கை ஏன் கழித்துக்கட்டாமல் வைத்திருக்கிறது? குருநாகலிலும் அதை அடுத்த எங்கள் மாவட்டத்தின் வடபுறத்திலும், மத்தியதரைக்கடல் ஓரங்களிலும், அஸ்ஸாமிலும் தாய்லாந்திலும் இந்த வகைப் பிழைகள் ஏன் இத்தனை செழித்திருக்கின்றன?

இதற்கு முதலில் விடை ஊகித்தவர் விஞ்ஞானி ஜே. பி. எஸ். ஹால்டேன். மலேரியாக் காய்ச்சல் வாழையடி வாழையாக வதைத்த நிலங்களில், இந்தப் பிழையை ஒருபங்கு மட்டும் சுமந்தவர்கள் அந்தக் காய்ச்சலுக்குத் தப்பிப் பிழைத்திருக்கக்கூடும் என்று 1940களின் இறுதியில் அவர் கூறினார். பின்வந்த ஆராய்ச்சிகள் அந்த எண்ணத்துக்குப் பலம் சேர்த்தன. எங்கள் மாவட்டத்தின் வரண்ட பாதியும் அதன் அண்டைப் பிரதேசங்களும் மலேரியாவின் பழைய சாம்ராஜ்யம். 1934-35இல், மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கி, அவற்றில் நுளம்பு பெருகி மூண்ட கொள்ளைக்காய்ச்சலில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். அந்த ஆண்டில் எத்தனையோ தொட்டில்களில், இன்று நாம் பிழை என்று அழைக்கும் எழுத்தே குழந்தையின் உயிருக்குக் காவலாக நின்றிருக்கும். பின்னர் காய்ச்சல் ஒழிந்தது. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. காவலுக்குக் காரணமாயிருந்த பகைவன் போய்விட்டான். காவலன் மட்டும் ஆயுதத்தோடு வீட்டுக்குள்ளேயே நிற்கிறான். ஓர் எழுத்து வரமா சாபமா என்பதை அந்த எழுத்து மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தக் காலம், எந்த நிலம் அதன்மேல் மை தேய்க்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

ஹால்டேனின் சரித்திரத்தில் என்னைச் சிந்திக்கவைக்கும் ஒரு முரண் உண்டு. இளமையில், 1924இல், 'டெடாலஸ்' என்னும் சிறுநூலில், தாயின் வயிற்றுக்கு வெளியே கருவை வளர்த்து, சிறந்தோரிடமிருந்தே சந்ததியைத் தோற்றுவித்து மனித குலத்தை உயர்த்தும் காலம் வரும் என்று தீர்க்கதரிசனம் உரைத்தவர் அவரே. கால் நூற்றாண்டு கழித்து, கழித்தெறியவேண்டியது என்று எவரும் நினைக்கக்கூடிய ஒரு குறைக்குள் ஒளிந்திருந்த ரட்சணையைக் கண்டுகாட்டியவரும் அவரே. பின்னாளில் இந்தியாவுக்கு வந்து குடியேறி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானார். சிறந்த எழுத்து எது என்று தெரியும் என நம்பிய அறிவு, ஒரு காய்ச்சலின் கணக்கைப் பார்த்தபின் எவ்வளவு நிதானம் கொள்ளவேண்டியிருந்தது என்பதை அந்த ஒருவர் வாழ்விலேயே காணலாம்.

ஏடு பரிசோதித்த நம் முன்னோர் அந்த நிதானத்தை ஒரு முறையாகவே கைக்கொண்டிருந்தார்கள். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் உத்தமதானபுரம் உ. வே. சாமிநாதையரும் செல்லரித்த சுவடிகளைத் தேடித் திரிந்த காலத்தில், ஒரு செய்யுளுக்கு ஏட்டுக்கு ஏடு வேறு பாடம் இருப்பதைக் கண்டார்கள். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த ஐயர், தமக்குச் சரியென்று பட்டதை மேலே அச்சிட்டாரேயன்றி, மற்றப் பாடங்களைத் தீயிலே போடவில்லை. பிரதிபேதம் என்று கீழே குறித்துவைத்தார். தமக்கு விளங்காத ஒரு பாடம் நாளை பிறக்கும் ஒருவனுக்கு விளங்கக்கூடும் என்ற அடக்கம் அது. ஒருவர் கையிலுள்ள ஒரு பிரதியில் திருத்துவது வேறு; எந்த ஏட்டைப் பார்த்து இனிமேல் எல்லாப் பிரதிகளும் எழுதப்படுமோ அந்தத் தாய் ஏட்டிலேயே கைவைப்பது வேறு. பிரதியில் பிழைத்தால் அந்தப் பிரதியோடு பிழை முடியும். தாய் ஏட்டில் பிழைத்தால், திருத்தியவன் மறைந்த பிறகும், அவனை அறியாதவர்கள் அந்தப் பிழையைச் சிரத்தையோடு பெயர்த்தெழுதிக்கொண்டே இருப்பார்கள்.

பரம்பரையலகுத் திருத்தத்திலும் இந்த இரண்டும் உண்டு. 2023ஆம் ஆண்டு நவம்பரில் பிரித்தானியா ஒரு சிகிச்சைக்கு அனுமதி அளித்தது. அடுத்த சில மாதங்களில் அமெரிக்காவும் அளித்தது. காஸ்ஜெவி என்று பெயர். நோயாளியின் குருதியை உற்பத்தி செய்யும் மூல அணுக்களை வெளியே எடுத்து, கிரிஸ்பரால் ஓரிடத்தில் வெட்டி, அவர் கருவிலிருந்தபோது சுரந்து பிறந்தபின் உறங்கிப்போன ஹீமோகுளோபின் என்னும் குருதிச்சாயத்தின் ஒருவகையை மறுபடியும் விழிக்கச்செய்து, உடம்பிலேயே திருப்பிச் செலுத்துவது அதன் முறை. அதனால் தலசீமியா நோயாளிகள் பலர் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் அவசியத்திலிருந்து விடுபட்டிருக்கிறார்கள். திருத்தம் அந்த ஒருவரின் குருதியோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குச் செல்லாது. இது பிரதியில் செய்த திருத்தம். துன்பப்படுகிறவனே கேட்டு, அவனே சம்மதித்து, அவன் துன்பத்துக்குச் செய்யும் பரிகாரம். பஸ்ஸில் கண்ட அந்தப் பையன் குப்புறப் படுத்து உறங்கக்கூடுமானால், அதை அதர்மம் என்று சொல்ல எனக்கு நா எழாது. அந்தச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் விதித்திருக்கும் விலை 22 லட்சம் டாலர் என்பதுதான் அதர்மம்.

மற்றதையும் ஒருவர் செய்து பார்த்துவிட்டார். சீனத்து ஷென்ஜென் நகரில் ஹே ஜியான்குய் என்னும் விஞ்ஞானி, எயிட்ஸ் கிருமி நுழையும் வாசலை அடைக்கிறேன் என்று, கருவிலேயே ஒரு பரம்பரையலகை வெட்டியதையும், அந்தக் கருக்கள் இரட்டைப் பெண்குழந்தைகளாகப் பிறந்ததையும் 2018 நவம்பரில் உலகத்துக்கு அறிவித்தார். அந்தக் குழந்தைகளுக்கு எந்த நோயும் இருக்கவில்லை. அவர்களைத் தொற்றிலிருந்து காக்க எளிய வழிகள் வேறு இருந்தன. வெட்டிய எழுத்தை இயற்கையாகவே இழந்தவர்களை மேற்கு நைல் காய்ச்சல் கடுமையாகத் தாக்கும் என்பதும் முன்பே தெரிந்திருந்தது. 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. தண்டனை முடிந்து அவர் வெளியே வந்துவிட்டார். அந்தச் சிறுமிகளின் உடம்பில் எழுதியதற்கு முடிவுத் தேதி கிடையாது. அவர்கள் தாய்மாரானால் அவர்களுடைய மக்களும் அதைப் பெயர்த்தெழுத நேரலாம்.

நோயில்லாத உடம்பையும் எழுத்தைத் திருத்தி மேம்படுத்தலாம் என்போரின் வாதம் இலேசானதன்று. அதை அதற்குரிய மரியாதையோடு கேட்கவேண்டும். பெறக்கூடிய பிள்ளைகளுள் மிகச் சிறந்த வாழ்வு வாழத்தக்க பிள்ளையைத் தேர்ந்துகொள்வது பெற்றோரின் கடமை என்று ஜூலியன் சவுலெஸ்கு என்னும் அறவியல் அறிஞர் 2001இல் எழுதினார். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறோம், டியூஷன் வைக்கிறோம், வாய்ப்பாட்டு வகுப்புக்கு அனுப்புகிறோம். ஞாபகசக்தியைக் கூர்மையாக்க அத்தனை பாடுபடுகிறவர்கள், அதையே பிறப்பிலேயே தருவதற்கு மட்டும் ஏன் கூசவேண்டும் என்று இந்தக் கட்சியார் கேட்பார்கள். அதே ஆண்டில் ஜெர்மானியத் தத்துவாசிரியர் யூர்கன் ஹேபர்மாஸ் இதற்கு எதிர்த்திசையில் ஒரு நூல் எழுதி, பிறருடைய தீர்மானத்தின்படி அமைக்கப்பட்ட ஒருவன் தன் வாழ்க்கைக்குத் தானே கர்த்தா என்று எண்ணிக்கொள்ள இயலாமற்போகலாம் என்று எச்சரித்தார். ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகள் இருந்த எனக்கு அதன் உண்மை அனுபவத்தில் தெரியும். தந்தையின் ஆசைக்காக மிருதங்கம் பயிலவந்து, ஒரு வருஷம் பொறுத்திருந்து, பின்பு கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகளை எத்தனையோ கண்டிருக்கிறேன். ஓடுவதற்கு வாசல் திறந்திருந்தது. உடம்பின் எழுத்தாகவே எழுதிவிட்ட ஆசையிலிருந்து ஓட வாசல் எங்கே?

அம்மைப்பாலைக் காட்டி வாதிப்போரும் உண்டு. இந்த மாத்தளை முத்துமாரியம்மன், தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காடும் மேடும் கடந்து நடந்துவந்த எங்கள் முன்னோர், வழிநெடுக வைசூரிக்கும் வாந்திபேதிக்கும் உற்றாரைப் பறிகொடுத்துவிட்டு, எஞ்சிய உயிரோடு வந்து விழுந்து கும்பிட்ட தெய்வம். 1802 முதலே இலங்கையில் அம்மைப்பால் குத்தத் தொடங்கினார்கள். 1980இல் வைசூரி உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். இயற்கை தராத சக்தியை உடம்புக்குள் புகுத்தியதும் மேம்படுத்தல்தானே என்று கேட்டால், ஆம் என்றே சொல்வேன். ஆனால் அது எந்த வகை மேம்படுத்தல் என்றும் பார்க்கவேண்டும். உழவனாக வாழ விரும்பியவனுக்கும் புலவனாக வாழ விரும்பியவனுக்கும் அது ஒன்றுபோலவே உதவியது. இப்படித்தான் வாழவேண்டும் என்று எவனையும் வார்க்கவில்லை. என் குழந்தைக்குக் குத்தினால் அயல்வீட்டுக் குழந்தைக்கும் நன்மை. உயரமோ, எல்லோரும் உயர்ந்தால் ஒருவருக்கும் லாபமில்லாத பொருள். அன்றியும் அம்மைப்பால் தாய் ஏட்டைத் தொடவேயில்லை.

பரிகாரத்துக்கும் மேம்படுத்தலுக்கும் இடையே எல்லை எங்கே என்று கல் நட்டுக் காட்ட என்னால் ஆகாது. எங்கள் மாவட்டத்தில் ஈரவலயம் முடிந்து வரண்ட வலயம் தொடங்கும் இடத்தையும் அப்படிக் காட்ட இயலாது; ஆயினும் இரத்தோட்டையில் ஏறும் மிளகுக்கொடியைத் தம்புள்ளை வெங்காயப் பாத்தியில் எவரும் நடுவதில்லை. இடையிலே மயங்கும் நிலம் இருப்பதால் இருகரையும் ஒன்றாகிவிடாது. அந்த மயக்கத்தில் எனக்குத் துணையாக இருப்பது ஒரே கேள்வி: இந்தத் திருத்தத்தைக் கேட்டது யார்? வேதனைப்படும் உடம்பு கேட்டதா, அந்த உடம்பைக் கொண்டு தன் ஆசையை நிறைவேற்றிக்கொள்ள எண்ணும் வேறொருவர் கேட்டாரா?

இந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் கற்கவில்லை, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கற்றேன். மாத்தளைக்குக் கிழக்கே மலைச்சரிவில் ஒரு தோட்டத்தின் லயத்தில் பிறந்தவன் நான். மாலையில் என் தாயார் கூடை நிறையக் கொழுந்தோடு மடுவத்தில் வரிசையில் நிற்பார். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்து, ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் கழித்து, மிஞ்சியதைச் சொல்வார். நிறை எட்டினால் 'பேர்' விழும். எட்டாவிட்டால் 'அரைப் பேர்'. தோட்டத்துப் பேச்சில் பேர் என்றால் ஒருநாட் சம்பளம். ஒரு மனுஷிக்கு அன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பதைத் தராசு சொன்னது. காய்ச்சலோடு கொழுந்தெடுத்த நாளில் அரைப்பேரோடு திரும்பிய என் தாயாரின் விரல்கள், நுனியெல்லாம் கறுத்து வெடித்திருந்ததை இன்றும் என் கண்முன் காண்கிறேன். மனிதரைத் திருத்தியெழுதும் கருவி அக்காலத்துத் துரைமார் கையில் இருந்திருந்தால் எத்தகைய மனிதரைக் கேட்டிருப்பார்கள்? வேகமான விரல், அட்டைக்கடி உறைக்காத கால், குளிர் தெரியாத தோல், எதிர்க்கேள்வி எழாத மனம். அதையும் அவர்கள் மேம்பாடு என்றே அழைத்திருப்பார்கள். மனச்சாட்சி உறுத்தாமலே அழைத்திருப்பார்கள். உயர்ந்தது எது என்பதை அளக்கும் தராசு எவர் கையில் இருக்கிறதோ, அவருடைய தேவையையே அது உயர்வு என்று காட்டும்.

அந்த மலைகளே இன்னொரு பாடத்தையும் சொல்கின்றன. எங்கள் முன்னோர் வந்தது கோப்பிக்காக. மலைமலையாகக் காட்டை அழித்து, ஒரே பயிரை, ஏறத்தாழ ஒரே இயல்புடையதாக நட்டுவைத்த அந்த ஐசுவரியத்தின் இலைகளில், 1869இல் செம்மஞ்சள் துருவாக ஒரு பூஞ்சணம் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் கோப்பி என்ற பெருந்தொழில் மண்ணாயிற்று. அதே 1869ஆம் ஆண்டில்தான் லண்டனில் பிரான்சிஸ் கால்டன், மேதாவிலாசம் குடும்பவழி வருவது என்றும், தேர்ந்த மணங்களால் மேலான மனித இனத்தை உண்டாக்கலாம் என்றும் கூறும் நூலை வெளியிட்டார். 1883இல் அந்தக் கொள்கைக்கு யூஜெனிக்ஸ் என்று பெயரும் சூட்டினார். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு பல தேசங்கள் பலவீனர் என்று தாம் தீர்மானித்தவர்களை மலடாக்கின. 1933இல் ஜெர்மனி இயற்றிய சட்டத்தின்கீழ் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் அவ்வாறு மலடாக்கப்பட்டார்கள். ஒரே சிறந்த வகை என்ற ஆசை என்ன ஆகும் என்பதை ஊவா, மாத்தளை மலைகளின் இலைகள் காட்டிக்கொண்டிருந்த வேளையில், அந்த ஆசைக்கு மனிதரைப் பொருளாக்கும் சாஸ்திரம் வேறோரிடத்தில் அரங்கேறியது.

கோப்பிக்குப் பின் வந்த தேயிலையிலும் இரண்டு வகையைத் தோட்டத்தில் காணலாம். பழைய மலைகளில் விதைத் தேயிலை. ஒரு செடியைப்போல் மற்றொன்று இராது, ஒன்று முந்தித் தளிர்க்கும், மற்றொன்று பிந்தும். புது மலைகளில் வீ.பி. தேயிலை, தேர்ந்த ஒரு தாய்ச்செடியின் துண்டங்களைத் தவறணையில் வேர்விடச் செய்து நட்டவை, பச்சைக் கம்பளம்போல் ஒரே சீராக நிற்பவை. அந்த வகைகள் விளைச்சலைப் பெருக்கியது மெய்; எங்கள் அடுப்பு எரிந்ததற்கு அவையும் காரணம். ஆனால் கடும் வரட்சி வந்த வருஷங்களில், ஆணிவேரை ஆழ இறக்கி வைத்திருந்த விதைத் தேயிலை தாக்குப்பிடிக்க, ஆணிவேர் இல்லாத வீ.பி. மலை முதலில் வாடியதைத் தோட்டத்தார் எல்லோரும் அறிவார்கள். தேயிலையில் தேர்ந்தது பிழைத்தால் பிடுங்கிவிட்டு மறுநடுகை செய்யலாம். மனிதரில் அப்படிச் செய்ய நினைப்பதே பாவம்.

பெற்றோரின் கையில் தேர்வை விட்டுவிட்டால் சர்க்காரின் கொடுமை வராது என்று சொல்வார்கள். பெற்றோரின் கையில் தேர்வு வந்தபோது என்ன நடந்தது என்பதற்கு நம் தமிழ் நிலமே சாட்சி. 1980களில் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக்கொலைச் செய்தி நாட்டை உலுக்கியது. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கவேண்டி வந்தது. கருவில் பெண் என்று கண்டறிந்து கலைப்பதைத் தடுக்க 1994இல் இந்தியா தனிச்சட்டம் இயற்றியது. அந்தத் தாய்மார் கொடியவர்கள் அல்லர். சீதனத்தாலும் வறுமையாலும் உலகம் முன்பே எழுதிவைத்திருந்த விடையை அவர்கள் கைகள் எழுதின. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமகள் தேவைப் பகுதியைப் படித்தால், நாளை நம்மவர் எந்த எழுத்தைக் கேட்பார்கள் என்பது விளங்கிவிடும்: சிவந்த நிறம் முதலில் வரும். கறுப்பாய்ப் பிறப்பது நோயன்று. கறுப்பைப் பழிக்கும் கண்ணில்தான் நோய். கண்ணிலுள்ள நோய்க்குக் குழந்தையின் தோலில் வைத்தியம் செய்வது எந்த தர்மம்?

மேம்பாடு என்று ஒன்றை மெய்யாகவே விரும்புகிறவர்களுக்கு, எழுத்தைத் தொடாமலே செய்யக்கூடிய பணி மலைமலையாகக் காத்துக்கிடக்கிறது. 2016ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கெடுப்பின்படி, தோட்டப்பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குறுகியிருந்தார்கள். நாடு முழுவதையும் எடுத்தால் ஆறில் ஒரு பங்கு. அவர்கள் பரம்பரையலகில் உயரம் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. பாலும் முட்டையும் நல்ல தண்ணீரும் என்னும் மை அதன்மேல் தேய்க்கப்படாமையால் அது துலங்கவில்லை. எழுதியிருப்பதைத் துலக்கிக்கொடுக்க மனமில்லாத ஓர் உலகம், எழுதாததை எழுதப் புறப்படுவதில் எனக்கு நம்பிக்கை உண்டாகவில்லை. செல்வரின் பிள்ளைகள் எழுத்திலேயே உயர்ந்து பிறக்கவும், லயத்துப் பிள்ளைகள் இருக்கும் எழுத்தும் துலங்காமல் வளரவும் நேருமானால், இந்த ஜன்மத்தின் ஏற்றத்தாழ்வு அடுத்தடுத்த தலைமுறைகளின் மாம்சத்திலேயே கீறப்பட்டதாகிவிடும். எந்தச் சட்டசபையும் பிறகு அதை அழிக்கமாட்டாது.

ஆகவே, துன்பத்துக்குப் பரிகாரம் தேடும் கையை நான் தடுக்கமாட்டேன். அந்தப் பரிகாரம் கலேவெலை பஸ் வரைக்கும் வந்துசேரவேண்டும் என்றே வாதாடுவேன். தாய் ஏட்டின்மேல் எழுத்தாணியை வைக்கும் கை மட்டும், இன்னும் நெடுங்காலம், தாழ்ந்தே இருக்கட்டும். எந்தக் காலம் எந்த மையைக் கொண்டுவரும் என்று நமக்குத் தெரியாது. நமக்கு விளங்காத பாடங்களை நம் பின்வருவோர்க்கென விட்டுவைப்பது நம் கடமை.

அன்று அலுவிகாரையிலிருந்து திரும்பிவரும்போது, பேத்தி அந்த ஓலை நறுக்கைப் பஸ் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். சிங்கள எழுத்து அவளுக்குப் படிக்கவராது. "தாத்தா, இது எம் பேருதானா, முழுசா இருக்கா?" என்று கேட்டாள். நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்காட்டி, "முழுப்பேரும் இருக்கும்மா" என்றேன். சொன்ன வாய் மூடுமுன் மடுவத்துத் தராசும் என் தாயாரின் விரல்களும் நினைவில் வந்து தொண்டையை அடைத்தன. பிறந்த பிள்ளைக்கு முழுப்பேர் போட நிறை பார்க்கவேண்டியதில்லை. ஓலை என் புத்தக அலமாரியில் இருக்கிறது. அடுத்த மாசி மகத்துக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போயிருக்கிறாள்.